நீங்கிய சட்டமும் நீங்காத உரிமையும்

ஆற்றின் குறுக்கே இருந்த பழைய பாலத்தை இடித்துப் புதிய பாலம் கட்டுகின்றனர் என்று கொள்வோம். பழைய பாலத்தின் வழியே அக்கரை சேர்ந்துவிட்டவரை எவரும் திரும்ப அழைப்பதில்லை. இக்கரையில் நிற்பவர் இனிப் புதிய பாலத்தின் வழியே போகவேண்டியவரே. இடிக்கும் நாளில் பாலத்தின் நடுவே நிற்பவர் நிலை யாது? சட்டமொன்று நீக்கப்படும்போது எழும் வினாவும் இதுவே. நீக்கத்திற்கு முன் முடிந்த செயல்கள் ஒரு வகை; நீக்கத்திற்குப் பின் தொடங்குவன மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் இடையே, நடந்துகொண்டிருக்கும் வழக்குகளும், பிறந்தும் நிறைவேறாத கோரிக்கைகளும் நடுப்பாலத்தில் நிற்கின்றன.

இது வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இடைப்பட்ட தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ் மக்களின் கூலி, திருமணம், குடியிருப்பு, விபத்து இழப்பீடு ஆகிய எல்லாவற்றையும் இவ்வினா ஒரு காலத்தில் தொட்டுச் சென்றிருக்கிறது. சட்டம் மாறிய நாளுக்குச் சில மாதம் முன்னரோ பின்னரோ ஒரு செயல் நடந்தது என்பதனாலேயே ஒருவர் உரிமை பெற்றார்; மற்றொருவர் இழந்தார். அவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், சட்ட நீக்கம் என்பது அழித்தல் அன்று, எல்லைக்கோடு கிழித்தலே என்பது விளங்கும்.

பழைய ஆங்கில விதி

மலாயாவின் சட்ட மரபு இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் இவ்வகையில் கடுமையானது. 1829, 1830ஆம் ஆண்டுகளில் டெண்டர்டன் பிரபுவும் தலைமை நீதிபதி டிண்டாலும் அளித்த தீர்ப்புகள் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. நீக்கப்பட்ட சட்டம் ஒருபோதும் இயற்றப்படாதது போலவே கருதப்படும். சட்டம் உயிரோடிருந்த காலத்தில் தொடங்கி நடந்து முற்றும் முடிந்துபோன செயல்கள் மட்டுமே தப்பும். அஃதாவது, அக்கரை சேர்ந்தவன் பிழைத்தான். நடுவில் நின்றவன் பாலத்தோடு வீழ்ந்தான்.

இவ்விதியின் கொடுமை விரைவில் உணரப்பட்டது. ஒவ்வொரு நீக்கச் சட்டத்திலும், 'முன் பிறந்த உரிமைகளை இது பாதிக்காது' என்று தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. எழுத மறந்தால் பலருடைய உரிமைகள் ஒரே நாளில் மறைந்தன. ஆகவே, ஒருமுறை பொதுவாக எழுதி எல்லாச் சட்டங்களுக்கும் பொருத்திவிடுவதே நன்று என்ற கருத்து எழுந்தது. இந்தியாவில் 1868ஆம் ஆண்டின் பொதுவாசகச் சட்டம், நீக்கத்திற்கு முன் செய்யப்பட்ட செயல்களையும் தொடங்கிய நடவடிக்கைகளையும் காத்தது. இங்கிலாந்தில் 1889ஆம் ஆண்டின் பொருள்கோள் சட்டம், 38ஆம் பிரிவில், இதனை விரிவாகச் செய்தது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொதுவாசகச் சட்டத்தின் 6ஆம் பிரிவும், இலங்கையின் 1901ஆம் ஆண்டுப் பொருள்கோள் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் அதே வழியில் வந்தவை. மலாயாக் கூட்டரசில் 1948ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதனை ஏற்றது. இன்றைய மலேசியாவில் 1948, 1967ஆம் ஆண்டுகளின் பொருள்கோள் சட்டங்கள் என்று பெயர் பெற்ற தொகுப்பின் 30ஆம் பிரிவு இப்பணியைச் செய்கிறது.

அப்பிரிவின் சாரம் எளிது. ஒரு சட்டம் நீக்கப்படுவதால், அதன் முந்திய செயற்பாடு கெடாது. அதன் கீழ் கைகூடிய உரிமையோ ஏற்பட்ட கடப்பாடோ மறையாது. அதன் கீழ் விளைந்த தண்டனை நீங்காது. அவற்றைப் பற்றிய விசாரணையும் வழக்கும் பரிகாரமும், சட்டம் நீக்கப்படாதது போலவே தொடரலாம். ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. நாடாளுமன்றம் வேறுவிதமாகக் கருதியிருப்பின், அக்கருத்தே மேலோங்கும். இக்காப்பு விதி, நாடாளுமன்றம் வாய் திறவாத இடத்தில் பேசும் குரல்; அது வாய் திறந்துவிட்டால் இக்குரல் அடங்கிவிடும்.

சஞ்சியின் கடைசி ஆண்டுகள்

இவ்வேறுபாட்டைக் காட்டும் தொடக்ககால நிகழ்ச்சி ஒன்று தமிழர் வரலாற்றிலேயே உண்டு. மலாயாவிற்கு வந்த தமிழ்த் தொழிலாளருள் ஒரு பகுதியினர் சஞ்சி முறையில் வந்தவர்கள். கப்பற்கூலி முதலிய செலவுகளுக்கு ஈடாகக் குறித்த காலம் வரை ஒரே முதலாளியிடம் உழைப்பதாக ஒப்பந்தம் செய்தவர்கள் அவர்கள். காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. வடக்கே கரும்புத் தோட்டங்களில் இம்முறை மிகுந்திருந்தது. சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கங்காணி வழியாக வந்தோரே பெரும்பான்மையர் ஆயினர்.

1910ஆம் ஆண்டில் மலாயாவுக்கான சஞ்சி ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அச்செய்தி கேட்டவுடன் தோட்டத்திலிருந்த சஞ்சித் தொழிலாளி விடுதலை பெற்றானா? இல்லை. இனிப் புதிய ஒப்பந்தம் எழுதலாகாது என்பதே அம்முடிவின் பொருள். முன்னரே எழுதிய ஒப்பந்தங்கள் தத்தம் காலம் முடியும் வரை உயிரோடிருந்தன. கடைசி ஒப்பந்தங்கள் 1913ஆம் ஆண்டில்தான் முடிவுற்றன. முறை ஒழிந்த பின்னும் மூன்றாண்டு அம்முறையின் கீழ் உழைத்தோர் இருந்தனர். முதலாளியின் நோக்கில் அது கைகூடிய உரிமை. தொழிலாளியின் நோக்கில் அது நீங்காத தளை.

இதனோடு பிஜித் தீவை ஒப்பிடல் வேண்டும். அங்கும் தமிழர் உள்ளிட்ட இந்தியர் பல்லாயிரவர் ஒப்பந்தத்தில் உழைத்தனர். முதல் உலகப் போரின் காலத்தில் ஆட்சேர்ப்பு நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் முதலில் தொடரவே செய்தன. ஆனால் இந்தியாவில் எழுந்த பெரும் எதிர்ப்பின் விளைவாக, 1920ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் அடியோடு ரத்து செய்யப்பட்டன. மலாயாவில் காலம் முடியக் காத்திருந்தனர். பிஜியில் காத்திராது தளையை வெட்டினர். ஒழிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரு பொருளும் அடங்கும். எப்பொருள் என்பதை ஒழிப்பவர் வாய் திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிடில் பழையது தன் காலம் வரை நடக்கும்.

தாலியும் பதிவேடும்

சஞ்சியில் தொழிலாளிக்குத் தளையாக நின்ற அதே விதி, திருமணச் சட்டத்தில் பெண்களுக்குக் கேடயமாக நின்றது. 1982ஆம் ஆண்டிற்கு முன் மலேசிய இந்துக்கள் தம் வழக்கப்படி செய்துகொண்ட திருமணம் சட்டப்படி செல்லும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உற்றார் முன்னிலையில் தாலி கட்டினால் போதும். பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதும் அன்று சட்டத்தால் தடுக்கப்படவில்லை.

1976ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணமே சட்டம் என்றாயிற்று. திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. குடிமைத் திருமணம், கிறிஸ்துவத் திருமணம், மணவிலக்கு ஆகியவை பற்றிய பழைய கட்டளைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அந்நாளில் நாடெங்கும், பதிவேடு காணாத திருமணங்கள் எண்ணற்றவை இருந்தன. இரண்டாம் மனைவியராக வாழ்ந்த பெண்களும் இருந்தனர். அவர்கள் மனைவியர் அல்லர் என்று ஆகிவிடுமா?

சட்டம் இயற்றியோர் இதனைப் பொது விதியின் பொறுப்பில் விடவில்லை. 4ஆம் பிரிவில் தாமே விடை எழுதினர். குறித்த நாளுக்கு முன் எந்தச் சட்டத்தின்படியோ சமயத்தின்படியோ வழக்கத்தின்படியோ செய்யப்பட்ட திருமணத்தின் செல்லுந்தன்மையை இச்சட்டம் பாதிக்காது. அன்று செல்லுபடியான திருமணம் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதாகவே கருதப்படும். சாவினாலோ மன்றத்தின் ஆணையினாலோ முடிவுறும் வரை அது தொடரும். அதே வேளையில், முன்னரே மணமானவர் அந்நாளுக்குப் பின் மற்றொரு திருமணம் செய்துகொள்ளவும் இயலாது. வந்த வழி காக்கப்பட்டது. இனிப் போகும் வழி அடைக்கப்பட்டது.

இதன் பயன் பங்குரிமையில் வெளிப்படும். உயிலின்றி இறந்தவரின் சொத்தைப் பகிரும் 1958ஆம் ஆண்டுச் சட்டம், சட்டப்படி மனைவியர் பலர் இருப்பின் மனைவிக்குரிய பங்கை அவர்கள் தமக்குள் சமமாகப் பெறுவர் என்கிறது. 1975ஆம் ஆண்டில் வழக்கப்படி இரண்டாம் மனைவியாகத் தாலி ஏற்றவள், பல ஆண்டுகள் கழித்துக் கணவன் இறந்தபோதும், அப்பங்கைக் கோரலாம். 1983ஆம் ஆண்டில் அதே கோயிலில், அதே சடங்குடன், அதே நிலையில் தாலி ஏற்றவள் மனைவி என்ற பெயரால் கோர இயலாது. சடங்கு ஒன்றே, நாள் வேறு. ஆதலால் பழைய திருமண அழைப்பிதழும் நிழற்படமும் சாட்சியம் ஆகும் நிலை ஏற்பட்டது. முன் நடந்த வழக்கத் திருமணங்களை விரும்பினோர் பதிந்துகொள்ளவும் சட்டம் வழி செய்திருந்தது. அதனைப் பயன்படுத்திய குடும்பங்கள் பின்னர் வழக்கின்றிப் பிழைத்தன.

மாரா பேருந்து வழக்கு

சட்ட மாற்றமும் முன் பிறந்த கோரிக்கையும் நேருக்கு நேர் மோதிய மலேசிய வழக்கு ஒன்று இலண்டன் வரை சென்று, காமன்வெல்த் நாடுகளின் சட்ட நூல்களில் இடம் பெற்றது. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், இருவர் சென்ற மோட்டார் சைக்கிளும் மாரா பேருந்து ஒன்றும் மோதிக்கொண்டன. காயமுற்ற இருவரும் இழப்பீடு கோர உரிமை உடையவர்கள். ஆனால் பேருந்துக்கு உரியது பொதுத்துறை நிறுவனம். அன்றிருந்த 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அத்தகைய நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுப்போர் 12 மாதத்திற்குள் தொடுத்தாக வேண்டும். 1973ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்கெடு முடிந்தது. வழக்குத் தொடுக்கப்படவில்லை.

1974ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் சட்டம் திருத்தப்பட்டது. பழைய 12 மாதம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் 36 மாதம் என்று எழுதப்பட்டது. விபத்து நடந்து மூன்றாண்டு நிறைவதற்குச் சில நாள்கள் முன்னதாக, 1975ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், காயமுற்றோர் வழக்கைத் தொடுத்தனர். புதிய கணக்கின்படி அவர்கள் கெடுவுக்குள் வந்தவர்கள். பழைய கணக்கின்படி ஏறத்தாழ ஈராண்டு பிந்தியவர்கள். எக்கணக்கு அவர்களுக்குப் பொருந்தும்?

காயமுற்றோர் பக்கத்து வாதம் வலுவற்றதன்று. காலவரையறை என்பது வழக்கு நடத்தும் முறையைப் பற்றியது, உரிமையைப் பற்றியதன்று. வழக்கு நடத்தும் முறை மாறினால், அம்மாற்றம் முன் நிகழ்ந்தவற்றுக்கும் பொருந்தும் என்பது நெடுங்கால விதி. அவர்கள் புதிய உரிமை எதனையும் கேட்கவில்லை. இருந்த உரிமைக்குத் திறந்த கதவின் வழியே நுழைந்தனர். இவ்வாதத்தைக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன்மேல் சென்ற முறையீட்டைப் பிரிவி கவுன்சில் 1982ஆம் ஆண்டு அக்டோபரில் தள்ளியது.

தீர்ப்பை எழுதியவர் பிரைட்மன் பிரபு. முறையைப் பற்றிய சட்டம், உரிமையைப் பற்றிய சட்டம் என்று பெயரிட்டுவிடுவது போதாது என்பது அவர் காட்டிய வழி. புதிய சட்டத்தை முன் நிகழ்ந்தவற்றின் மேல் ஏற்றினால், முன்னரே அமைந்துவிட்ட உரிமையோ கடப்பாடோ குலையுமா என்று நோக்கவேண்டும். 12 மாதம் கழிந்த அன்றே, 'இனி என் மேல் வழக்கு இல்லை' என்று சொல்லும் உரிமை பேருந்து நிறுவனத்திற்குக் கைகூடிவிட்டது. அதுவும் ஓர் உரிமையே. நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொன்னாலன்றி, பின்வந்த திருத்தம் அதனைப் பறிக்காது.

இத்தீர்ப்பில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. காப்பு விதி என்றால், காயமுற்றோரும் ஏழைகளும் பெற்ற உரிமையைக் காப்பது என்றே பலரும் எண்ணுவர். அது இருபுறமும் கூரிய வாள். கோருபவனின் உரிமையைக் காப்பது போலவே, கோரிக்கைக்கு விடை சொல்ல வேண்டாதவனின் உரிமையையும் அது காக்கிறது. திருத்தம் வந்த 1974 ஜூன் 13 அன்று பன்னிரண்டு மாதம் நிறையாதிருந்த விபத்துக்காரருக்கு 36 மாதம் கிடைக்கும் என்பது இக்கொள்கையின் விளைவு. அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னர் கெடு முடிந்தவருக்குக் கதவு மூடியதே. நீதிக்கு இது பொருந்துமா என்று உள்ளம் கேட்கும். எனினும், மூடிய கணக்கை எவரும் எப்போதும் திறக்கலாம் என்றால், தொழிலாளியின் பழைய கடனும் குடியானவரின் பழைய வரியும் அவ்வாறே திறக்கப்படும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

உரிமையா, நம்பிக்கையா?

காக்கப்படுவது கைகூடிய உரிமை என்றால், கைகூடுவது எப்போது? இவ்வினாவுக்கு விடை கூறிய தீர்ப்புகளுள் இரண்டு குறிக்கத்தக்கவை. முதலாவது ஹாங்காங்கிலிருந்து சென்றது. அங்கே நிலக் குத்தகையாளர் ஒருவர், தம் கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கான சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார். அச்சான்றிதழ் கிடைத்தால், உள்ளே குடியிருப்போரை வெளியேற்றலாம். குடியிருப்போர் எதிர்த்து முறையிட்டனர். ஆளுநர் முடிவு செய்யுமுன், 1957ஆம் ஆண்டில், அவ்வழியை அமைத்த சட்டப் பிரிவுகளே நீக்கப்பட்டன. விண்ணப்பித்த நாளிலேயே தம் உரிமை பிறந்தது என்றார் அவர். பிரிவி கவுன்சில் 1961ஆம் ஆண்டு வெளியான தீர்ப்பில் அதனை மறுத்தது. ஆளுநர் கொடுக்கலாம், மறுக்கலாம் என்ற நிலையில் அவருக்கு இருந்தது நம்பிக்கையே, உரிமை அன்று. இருக்கும் உரிமையை விசாரித்து உறுதி செய்வது வேறு. உரிமை தரலாமா என்று விசாரிப்பது வேறு என்று மாரிஸ் பிரபு பிரித்துக் காட்டினார்.

இரண்டாவது இலங்கையிலிருந்து சென்றது. காப்புறுதி செய்யப்பட்ட மோட்டார் வண்டியால் ஒருவர் காயமுற்றார். காப்புறுதி நிறுவனமே இழப்பீடு தரவேண்டும் என்ற கடப்பாட்டை விதித்த பழைய சட்டம், வழக்கு முடியுமுன் நீக்கப்பட்டு, 1951ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. காயமுற்றவரின் உரிமை முழுமை பெறுவதற்கு இன்னும் சில படிகள் எஞ்சியிருந்தன. ஆயினும் அது வெறும் நம்பிக்கை அன்று, கருவுற்ற உரிமை என்று பிரிவி கவுன்சில் கொண்டது. இலங்கைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதனைக் காத்தது. இரண்டையும் சேர்த்து நோக்கினால் அளவுகோல் தெளிவாகும். பிறருடைய விருப்பத்தில் தொங்குவது நம்பிக்கை. உண்மையை மெய்ப்பித்தால் மன்றம் தந்தே ஆகவேண்டியது உரிமை.

இவ்வேறுபாடு கோலாலம்பூரின் பழைய கடைவீடுகளில் வாழ்ந்தோர்க்கு 1997ஆம் ஆண்டில் வாழ்க்கைச் சிக்கலாக வந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டு ஜனவரி 31க்குள் கட்டி முடிக்கப்பெற்ற கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற முடியாதவாறு காத்தது. பினாங்கிலே இத்தகைய கட்டடங்கள் மிகுதி. தலைநகரிலும் பழைய தெருக்களில் இவை இருந்தன. குறைந்த வாடகையில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இரண்டு தலைமுறை கண்ட குடும்பங்கள் பல. வீட்டுக்காரருக்கோ, பழுது பார்க்கவும் போதாத வாடகையே வந்தது.

1997ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நீக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்போரின் பாதுகாப்பு அன்றே முற்றும் மறைந்திருந்தால் பெருங்குழப்பம் விளைந்திருக்கும். என்றென்றும் நீடித்திருந்தால் நீக்கியதற்குப் பொருளே இராது. நாடாளுமன்றம் நடுவழி கண்டது. 1999ஆம் ஆண்டு டிசம்பர் 31 வரை, 28 மாதம், இடைமாற்றுக் காலம் என்று வகுத்தது. வாடகைத் தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் அமைத்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. காலங்காலமாக இவ்வாடகையிலேயே இருப்போம் என்று குடியிருப்போர் கொண்டிருந்தது நம்பிக்கையாக முடிந்தது. 28 மாதம் என்பதே சட்டம் அவர்களுக்கு வரையறுத்துத் தந்த உரிமை. அக்காலத்தைப் பயன்படுத்தி வேறிடம் தேடியோர் உண்டு. நாள் வந்தபின் விழித்தோரும் உண்டு.

நடக்கும் வழக்கின் நிலை

மன்றத்தில் ஏற்கனவே நடக்கும் வழக்குக்கு விதி ஓரளவு தெளிவானது. வழக்குத் தொடுத்த நாளில் இருந்த சட்டமே கட்சிக்காரரின் உரிமையை அளக்கும். மனு எழுதும் படிவம், ஆவணம் தாக்கல் செய்யும் முறை போன்றவற்றில் மாற்றம் வந்தால் அது நடக்கும் வழக்கையும் பற்றும். ஆயின் மேல்முறையீட்டு உரிமை எவ்வகை? அது வெறும் முறை அன்று, உரிமையே என்று பிரிவி கவுன்சில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சர்க்கரை ஆலை வழக்கொன்றில் 1905ஆம் ஆண்டில் கூறியது. இந்திய உச்சநீதிமன்றம் 1957ஆம் ஆண்டில் அதனைப் பின்பற்றியது. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாபட்லாவில் 1949ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்கு அது. தொடுத்த நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகள் தில்லிவரை முறையீடு செய்யத்தக்கவை. இடையில் அரசியலமைப்பு வந்து, இருபதாயிரம் என்று வரம்பை உயர்த்தியது. வழக்குத் தொடுத்த அன்றே கடைசிப்படி வரை ஏறும் உரிமை கட்சிக்காரருக்குப் பிறந்துவிடுகிறது. பின்வந்த வரம்பு அதனைப் பறிக்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தனர்.

மாரா பேருந்து வழக்கைத் தீர்த்த பிரிவி கவுன்சிலுக்கும் இதே நிலை ஏற்பட்டது. மலேசியாவிலிருந்து குற்றவியல், அரசியலமைப்பு முறையீடுகள் 1978ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இலண்டனுக்குச் செல்வது நின்றது. 1985ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் எஞ்சிய முறையீடுகளும் நின்றன. ஆயினும் அந்நாளுக்கு முன் பாலத்தில் ஏறிவிட்ட முறையீடுகளுக்குச் சட்டம் வழி விட்டது. அதனால் 1985க்குப் பின்னும் சில ஆண்டுகள், மலேசிய வழக்குகளில் இலண்டன் தீர்ப்புகள் வந்துகொண்டிருந்தன. தான் காத்த விதியே தன்னையும் சிறிது காலம் காத்தது எனலாம்.

தண்டனையின் எல்லைக்கோடு

சொத்துரிமையில் விளையும் ஏற்றத்தாழ்வு பணத்தோடு போகும். உடற்சுதந்திரத்திலும் உயிரிலும் அவ்வாறன்று. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் நடப்பிலிருந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நீக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்து வைக்க இடம் தந்த அச்சட்டம் நீங்கினால், அதன் கீழ் இருந்தோர் அன்றே வெளிவருவர் என்று எளிய அறிவு எண்ணும். ஆனால் அதனை நீக்கிய புதிய சட்டத்தின் 32ஆம் பிரிவு, முன்னர்ப் பிறப்பித்த ஆணைகளை நீக்கம் பாதிக்காது என்றும், அமைச்சர் ரத்து செய்தாலன்றி அவை தொடரும் என்றும் விதித்தது. சஞ்சியின் கடைசி மூன்றாண்டுகளை இது நினைவூட்டும்.

2023ஆம் ஆண்டில் நேர்ந்தது இதற்கு எதிரானது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனையா, நெடுஞ்சிறையா என்று தேர்ந்து விதிக்கும் பொறுப்பு நீதிபதிக்குத் திரும்பியது. ஆனால் எல்லா முறையீடுகளும் முடிந்து தூக்குக்குக் காத்திருந்தோர்? பொது விதியின்படி அவர்கள் அக்கரை சேர்ந்தவர்கள். அவர்கள் கணக்கு மூடப்பட்டது. நேற்று முறையீடு முடிந்தவனுக்குத் தூக்கு, நாளை முடிபவனுக்குச் சிறை என்ற நிலையை எந்த மனமும் ஏற்காது. ஆகவே நாடாளுமன்றம் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, தண்டனையை மீண்டும் ஆராயும் தற்காலிக அதிகாரத்தைக் கூட்டரசு நீதிமன்றத்திற்கு அளித்தது. அது செப்டம்பர் 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் புத்ராஜெயாவில் விசாரணைகள் தொடங்கின. மூடிய கணக்கைத் திறக்கவே கூடாது என்பது விதி அன்று. திறக்க வேண்டுமாயின் நாடாளுமன்றமே தன் கையால் திறக்கவேண்டும் என்பதே விதி. கூடுதல் தண்டனையைப் பின்னோக்கி ஏற்றலாகாது என்று அரசியலமைப்பின் 7ஆம் விதி தடுக்கிறது. குறைந்த தண்டனையைப் பின்னோக்கித் தருவதற்கு அத்தடை இல்லை.

நாளின் மதிப்பு

நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்கினால், சட்ட நீக்கம் தானாக எவருக்கும் நன்மையோ தீமையோ செய்வதில்லை என்பது புலனாகும். 1910இல் அது தொழிலாளிக்குத் தாமதமாக வந்தது. 1982இல் மனைவியரைக் காத்தது. மாரா பேருந்து வழக்கில் காயமுற்றோரைக் கைவிட்டது. 1997இல் குடியிருப்போர்க்குத் தவணை தந்தது. 2023இல் நாடாளுமன்றம் தனியே பேசியதால் உயிர்களைத் தொட்டது. எல்லா இடத்திலும் கேட்கப்பட்ட வினாக்கள் மூன்றே. உரிமை எந்நாளில் கைகூடியது? சட்டம் எந்நாளில் நீங்கியது? நீக்கியவர் பழையதைப் பற்றி ஏதேனும் சொன்னாரா?

இம்மூன்றுக்கும் விடை தருவன நாள் குறித்த தாள்களே. திருமண அழைப்பிதழ், வாடகைச் சீட்டு, விபத்து நடந்த அன்றே காவல் நிலையத்தில் எழுதிய புகார், வழக்குத் தொடுத்த மனுவின் முத்திரை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நாளை மெய்ப்பிக்கும். சட்டம் நீங்கியது என்ற செய்தி வந்தவுடன் அத்தாள்களைக் குப்பையில் இடுவோர் பலர். அவற்றுக்கு உண்மையான தேவை பிறப்பது அன்றுதான். வழக்கறிஞர்களும் மன்றங்களும் நீக்கப்பட்ட சட்டங்களின் பழைய ஏடுகளைக் கிழித்தெறியாமல் காத்து வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே.